ஹால் டிவியில் ஓடிய பெங்காலிப் பாடம்

"உங்க கம்ப்யூட்டர் என் மானத்தை வாங்கிடுச்சு" என்றாள் முன் சீட்டுப் பெண். கொல்கத்தாவில், பாலிகஞ்ச் பஸ்ஸில் தமிழ் யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியத்தில் உரக்கவே சொன்னாள். பின் சீட்டில் நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன்.

"என்ன பண்ணிச்சு?" என்றார் கணவர்.

"அப்புறம் பாக்கலாம்னு நான் போன்ல சேத்து வெக்கிற வீடியோவையெல்லாம் அதுவே டவுன்லோட் பண்ணி ஹால் டிவிக்கு அனுப்பிடுதே!"

"அப்படித்தானே செட் பண்ணேன். உனக்கு சவுகரியம்தானே?"

"நல்ல சவுகரியம்! நேத்து எதிர் ஃப்ளாட் பெங்காலி அண்ணி, நம்ம பௌதி வந்தாங்க. உக்காந்தா எழுந்திருக்கவே மாட்டாங்களே, அவங்கதான். டிவியப் போட்டேன். புதுசா வந்த வீடியோன்னு தானா ஓட ஆரம்பிச்சிடுச்சு."

"என்ன வீடியோ?"

"கிளம்பாத விருந்தாளியை மரியாதையா அனுப்ப பெங்காலியில என்ன சொல்லணும்ங்கிற பாடம்."

கணவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"நிறுத்த வேண்டியதுதானே?"

"ரிமோட்டை அதுக்குள்ள அவங்க வாங்கி மடியில வெச்சுக்கிட்டாங்க. டீயைக் குடிச்சுக்கிட்டே முழுசாப் பாத்தாங்க."

"கோவிச்சுக்கிட்டாங்களா?"

"கோவிச்சிருந்தா தேவலையே! 'இந்த டீச்சர் சரியில்ல, இனிமே தினமும் சாயங்காலம் நானே வந்து சொல்லித் தரேன்'னுட்டாங்க."