வாய் தவறின ஜெபம்

மேவிஸ்: இல்ல சோஃபியாக்கா, உள்ள வரல. கறிபாப் பொரிச்சேன்... குடுத்துட்டுப் போலாம்னுதான்.

சோஃபியா: பக்கத்து வீட்ல இருந்துகிட்டு மூணு வாரம் கழிச்சு கறிபாப்பா? உள்ள வா லா. மழை தூறுது.

மேவிஸ்: கிரகரி அண்ணன் இருக்காரா?

சோஃபியா: இருந்தா என்ன, எம் புருசன் கடிச்சிருவாரா?

மேவிஸ்: சும்மா கேட்டேன்...

சோஃபியா: எங்க வாசல தாண்டக் கூடாதுன்னு தேயிலைக் காட்டுக்குள்ள பூந்து சுத்திப் போறியாமே. அட்டை எத்தன கடிச்சுச்சு?

மேவிஸ்: யாரு சொன்னா?

சோஃபியா: என் சமையக்கட்டு ஜன்னல்தான். சர்ச்சுலயும் கடைசி பெஞ்சு. ஆராதன முடியறதுக்குள்ள ஓட்டம். மேவிஸுக்கு என்ன, வயித்துப்போக்கான்னு பாஸ்டர் கேக்கறாரு.

மேவிஸ்: நீங்க என்ன சொன்னீங்க?

சோஃபியா: ஆமான்னுட்டேன்.

மேவிஸ்: அக்கா...

சோஃபியா: உக்காரு. இன்னிக்கு ஜெபக் கூட்டம் நம்ம வீட்ல. நீதான் ஜெபிக்கணும்.

மேவிஸ்: ஐயோ, வேணாங்க்கா. என் வாய் பண்ணின வேலை போதும்.

சோஃபியா: என்ன வேலை?

மேவிஸ்: தெரியாத மாரி கேக்காதீங்க. உங்க மக முழுகாம இருக்கான்னு எங்கிட்ட மட்டும்தான் சொன்னீங்க. அன்னிக்கு சாயங்காலமே, ஜெபத்துல... எல்லார் முன்னாலயும்...

சோஃபியா: 'எங்க டிஃபனி வயித்துல வளர்ற பிள்ளைய ஆசீர்வதியும் ஆண்டவரே.' நல்லாத்தான் இருந்துச்சு. கொஞ்சம் சத்தம் ஜாஸ்தி.

மேவிஸ்: வெளையாடாதீங்கக்கா. மக ஒரு இந்துப் பையனக் கட்டிகிட்டான்னு ரெண்டு வருசமா அவ பேரக்கூட சொல்லாத மனுசன். தாத்தா ஆகப் போறது அவருக்கு என் ஜெபத்துலயா தெரியணும்? ஆமென் கூட சொல்லாம எந்திரிச்சுப் போயிட்டாரு.

சோஃபியா: போனாரு.

மேவிஸ்: அன்னியிலருந்து உங்க வீட்ல சத்தமே இல்ல. ஒரு குடும்பத்தக் கெடுத்துட்டோமேன்னு எனக்குத் தூக்கம் இல்லக்கா. வாய் தவறிருச்சு. மன்னிச்சிருங்க.

சோஃபியா: இது கோழியா, உருளைக்கெழங்கா?

மேவிஸ்: என்னது?

சோஃபியா: கறிபாப். மன்னிக்கறதுக்கு முன்னாடி பாக்கணும்ல.

மேவிஸ்: கோழிதான்... நான் என்ன பேசறேன், நீங்க என்ன பேசறீங்க. அண்ணன் எங்கதான் போயிருக்காரு?

சோஃபியா: கம்போங் ராஜா டவுனுக்கு. எரு வாங்க.

மேவிஸ்: இங்க கெடைக்காத எருவா?

சோஃபியா: நான் கேக்கல. எரு வாங்கப் போறவரு எதுக்கு நம்ம நாட்டுக்கோழி ரெண்டப் புடிச்சு காடி பின்சீட்டுல ஏத்திட்டுப் போறாருன்னும் கேக்கல.

மேவிஸ்: கம்போங் ராஜாவுலதானே... உங்க மருமகன் சச்சின் வீடு?

சோஃபியா: ம்.

மேவிஸ்: டிஃபனியப் பாக்கவா போயிருக்காரு?

சோஃபியா: எரு வாங்கத்தான்னு நெனச்சுக்க. அவருக்கும் மானம் இருக்குல்ல.

மேவிஸ்: எப்படிக்கா...

சோஃபியா: அன்னிக்கு எந்திரிச்சுப் போனவரு ரெண்டு நாளு ஒரு வார்த்தை பேசல. மூணாம் நாளு சோறு போடறேன்... தட்டுல இருந்து தலைய நிமுத்தாம, 'எத்தன மாசம்'னாரு.

மேவிஸ்: நீங்க?

சோஃபியா: 'அஞ்சு'ன்னேன். 'மசக்கையில சாப்பிடுறாளா'ன்னாரு. அதுக்கப்புறம் அவரும் சாப்பிடல, நானும் சாப்பிடல.

மேவிஸ்: அழறீங்களாக்கா?

சோஃபியா: வெங்காயம் லா.

மேவிஸ்: கையில வெங்காயமே இல்ல.

சோஃபியா: கறிபாப்ல இருக்குல்ல. பேசாம இரு.

மேவிஸ்: சரி, கண்ணத் தொடைங்க.

சோஃபியா: அதான் சொல்றேன். நீ வாய் தவறினதும் ஆண்டவர் வேலைதான். ராத்திரி அவளையும் கூட்டிட்டு வந்தாலும் வந்துருவாரு. நன்றி ஜெபம் நீதான் சொல்லணும்.

மேவிஸ்: முடியாதுக்கா.

சோஃபியா: பாஸ்டரே வாய் வலிச்சா உன்னைத்தான் ஜெபிக்கக் கூப்பிடுவாரு. இப்ப என்ன?

மேவிஸ்: வீட்ல தனியாகூட ஜெபிக்க முடியல. முட்டி போடறேன், ஒரு வார்த்தை வர மாட்டேங்குது.

சோஃபியா: அதான் மன்னிச்சாச்சுல்ல. கறிபாப் ரெண்டு தின்னாச்சு.

மேவிஸ்: நீங்க மன்னிச்சது வாய் தவறினதுக்கு.

சோஃபியா: ஆமா...

மேவிஸ்: தவறல. எனக்கு முன்னாடி அண்ணன் ஜெபிச்சாருல்ல. 'அப்பன் ஆத்தாள அவமானப்படுத்தற பிள்ளைங்கள நொறுக்கும் ஆண்டவரே'ன்னு. நீங்க அவர் பக்கத்துல முந்தானைய வாயில வச்சுகிட்டு இருந்தீங்க. எனக்குப் பத்திகிட்டு வந்துச்சு. இந்த ஆளு நல்லா வாங்கிக் கட்டிக்கட்டும்னுதான் சொன்னேன். அது ஜெபமே இல்லக்கா. ஆண்டவர் பேரச் சொல்லி அந்த மனுசன அடிச்சேன். கண்ணக்கூட மூடல. அவர் மூஞ்சியப் பாத்துகிட்டேதான் சொன்னேன்... இப்ப சொல்லுங்க, இதுக்கும் மன்னிப்பீங்களா?

சோஃபியா: தெரியும்டி. நானும் கண்ண மூடல. அவர்கிட்ட என் வாயால சொல்ல தைரியம் இல்லாம, நீ எப்ப சொல்லுவியோன்னு உன்னையேதான் பாத்துகிட்டு இருந்தேன். உன் மூஞ்சியில முழிக்க எனக்கும்தான் வெக்கமா இருந்துச்சு. இல்லன்னா மூணு வாரமா கதவத் தட்டியிருக்க மாட்டேனா? மன்னிப்பு கேக்க வேண்டியவ நான்தான் மேவிஸ்... உனக்கு மனசு பொறுக்காதுன்னு தெரிஞ்சுதான் அன்னிக்குக் காலையில உங்கிட்ட சொன்னதே.