குண்டு விழமுந்திப் பிறந்தவள்

— இஞ்சேருங்கோ, அணுகுண்டு விழுறது ஏழாம் அத்தியாயத்திலை. உந்த ஆறு விரல்காரி இரண்டாம் அத்தியாயத்திலையே கீரிமலைக் கேணியடியிலை நிக்கிறாள். அதெப்பிடி?

— தயாளினி, என்ரை நாவலிலை எழுத்துப்பிழை பாக்கச் சொல்லித்தானே உம்மட்டைத் தந்தனான்.

— பிழையைத்தான் சொல்லுறன். கதிர்வீச்சாலை உருமாறின சனத்தின்ரை கதை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். கதிர்வீச்சு வரமுந்தி இவளுக்கு என்னெண்டு மாறினது?

— குண்டுக்கு முந்தியும் அப்பிடிச் சனம் இருந்திருக்கலாம்தானே. ஒருத்தரும் கவனிச்சிருக்க மாட்டினம். குண்டு விழுந்தாப் பிறகு எல்லாப் பழியையும் அதின்ரை தலையிலை போட்டிருப்பினம்.

— கவனிக்கேல்லையோ, ஆரும் ஒளிச்சவையோ?

— அதென்ன கேள்வி?

— ஏன், கேக்கக்கூடாதே? இரண்டு தலை, மூண்டு கண் எண்டு என்னவும் எழுதியிருக்கலாம். உங்களுக்கு விரல்தான் கிடைச்சுதோ?

— விரலுக்கு என்ன குறை? அடக்கமாக் கிடக்கட்டும் எண்டு எழுதினன்.

— கதையை மாத்தாதேங்கோ. ஆர் உங்களுக்குச் சொன்னது?

— எதை?

— போன கிழமை பண்டத்தரிப்பிலை எங்கடை அம்மா வீட்டை தனியப் போனனீங்கள். அம்மாவோடை என்ன கதைச்சனீங்கள்?

— மாமி மாங்காய் தந்தவ, வாங்கிக்கொண்டு வந்தன். அங்கை நான் கேட்டு அறியிறதுக்கு ஏதும் கிடக்கோ?

— நான் அப்பிடிச் சொன்னனானே?

— வாய் சொல்லேல்லை. முகம் சொல்லுது.

— என்ரை முகத்தை விடுங்கோ. இவ்வளவு நாளும் ஒண்டும் தெரியாத மாதிரி இருந்துபோட்டு, வயித்திலை பிள்ளையோடை இருக்கிற நேரம் உப்பிடி ஒண்டை எழுதி என்ரை கையிலையே தாறீங்கள். குத்திக்காட்டுறதெண்டா நேரை குத்துங்கோ.

— ஆரப்பா உம்மைக் குத்தினது? விசர்க்கதை கதையாதையும்.

— அப்ப அவளை ஏன் குண்டுக்கு முந்திப் பிறக்க வைச்சனீங்கள்?

— அவளின்ரை விரல் குண்டாலை வந்ததா இருக்கக்கூடாது எண்டுதான்.

— ஏன்?

— முதல் இரும், சொல்லுறன். ஸ்கான் எடுத்த அண்டைக்கு, நீர் உடுப்பு மாத்தப் போன நேரம் டொக்டர் என்னைக் கூப்பிட்டவர். பிள்ளை சுகமாக் கிடக்கு. ஒரு கையிலை மட்டும் ஒரு விரல் கூட.

— எந்தக் கை?

— வலக் கை. சின்னி விரலுக்குப் பக்கத்திலை. இரண்டு குடும்பத்திலையும் ஆருக்கும் இருந்ததோ எண்டு கேட்டவர். இல்லையெண்டன். அப்ப எதாலையெண்டு சொல்லேலாது எண்டிட்டார். அவர் சொல்லாட்டியும் எனக்கு விளங்கிச்சுது. கடைசிச் சண்டையிலை பங்கருக்குள்ளை கிடந்து நான் குடிச்ச புகை கொஞ்சமே? என்னாலைதான் பிள்ளைக்கு உப்பிடி. உமக்குச் சொல்லப் பயமாக் கிடந்தது. கதையிலை எண்டாலும் அது சண்டைக்கு முந்தியே இருந்ததா இருக்கட்டும் எண்டு எழுதிப்போட்டன்.

— கையைத் தாங்கோ. என்ரை சின்னி விரலுக்குப் பக்கத்திலை தடவிப் பாருங்கோ.

— இது ஷெல் துண்டு பட்ட தழும்பெல்லே. கலியாணம் பேசேக்கையே மாமி சொன்னவ.

— ஷெல்லும் இல்லை, ஒண்டும் இல்லை. என்ரை ஆறாவது விரலை வெட்டின இடம் அது. அம்மாவின்ரை கையிலையும் உப்பிடி வெட்டின தழும்பு கிடக்கு; அவ பிறக்கேக்கை இந்த நாட்டிலை சண்டையே தொடங்கேல்லை.