இரண்டாவது பரிசோதனை

இந்த விபத்து வரைக்கும், பதினோரு வருடத்தில் நானும் என் கணவரும் ஒரே வீட்டில் இருந்தது நானூற்றுப் பன்னிரண்டு நாட்கள். அவருடைய பாஸ்போர்ட் முத்திரைகளைக் கூட்டினால் வரும் எண் அது. மழைக்கால மத்தியானங்களில் கரண்ட் போனால் அதைத்தான் கூட்டிக்கொண்டிருப்பேன்.

உட்காருங்கள். சுலைமானி டீ ஆறுகிறது. இந்தத் தடவை நீங்கள் யாருடைய கையையும் கவனிக்க வேண்டியதில்லை.

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து முதல் தடவை வந்தபோது, அவர் கிளாஸை எந்தக் கையால் எடுக்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். உங்கள் சட்டைப் பையிலிருந்து போன் எட்டிப் பார்த்தது. நீங்கள் போன பிறகு அவர் சிரித்தார்.

"பாவம் ஸபூறா அந்த ஆளு. எனக்கு வலிக்குதான்னு பாக்க இவ்ளோ தூரம் பஸ் ஏறி வந்திருக்கான். கூடப் பொறந்தவன்கூட வரல."

சைதலவி என்றால் ஷார்ஜாவில் அந்தத் தெருவுக்கே தெரியும். பரோட்டா மாஸ்டர். நாற்பது நாள் லீவில் வந்தவர். இருபத்து மூன்றாம் நாள் வளாஞ்சேரியில் ஒரு கார் அவருடைய ஸ்கூட்டரை இடித்தது. வலது மணிக்கட்டும் மூன்று விரல்களும் உடைந்தன. அவர் ஊருக்கு வந்த அறுபத்தைந்தாம் நாள் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். வெந்நீரில் கையை வைத்து ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்ட, ஆஸ்பத்திரியில் ரீஜா என்ற பெண் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். "ஒரு நாளைக்கு மூணு வேளை, இத்தா. இந்த மூணு மாசத்த விட்டா அப்புறம் கல்லாயிடும்."

நஷ்டஈட்டு வழக்குப் போட்டிருந்த வக்கீலின் குமஸ்தா சந்திரசேனன் வேறு மாதிரி சொன்னார். "மெடிக்கல் போர்டு பாக்கற வரைக்கும் கையை ரொம்ப ஓட விடாதீங்க. விரல் நல்லா மடங்கிச்சுன்னா கம்பெனிக்காரன் நமக்கு நாமம் போட்டுடுவான்." அதனால் மூன்று வேளையை ஒரு வேளையாக்கினோம். இங்கே எல்லோரும் செய்வதுதான். உங்களுக்கும் தெரியும்.

தொண்ணூற்றெட்டாம் நாள் போர்டு. ஊனம் நாற்பத்திரண்டு சதவீதம் என்று எழுதினார்கள். வெளியே வந்ததும், "ஸ்கூல்லகூட எனக்கு இவ்ளோ மார்க் வந்ததில்ல" என்றார்.

நூற்றொன்றாம் நாள் குமஸ்தா போன் செய்தார். எடுத்தது நான். என் கணவர் ஐந்தாம் வகுப்பு, நான் பி.எஸ்ஸி. வழக்கின் போன்களும் இங்கிலீஷ் காகிதங்களும் என்னிடம்தான் வரும்.

மறுநாள் காலை சமையலறையில் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், மேடையில் எண்ணெய் தடவி, வலது கையால் மாவை வீசிக்கொண்டிருந்தார். இரண்டு தடவை மடிந்து விழுந்தது. மூன்றாவது தடவை ஈரத்துணி போல விரிந்தது. மேடைக் கல்லின் புள்ளிகள் மாவு வழியே தெரிந்தன.

"இங்க வா ஸபூறா. பாரு, கை மறக்கல. முதலாளிக்குப் போன் போடு. அடுத்த மாசம் வந்துடறேன்னு சொல்லு."

பார்த்தேன். அழகாக இருந்தது. அத்தனை லீவிலும் எனக்காக ஒரு தடவைகூட அவர் பரோட்டா அடித்ததில்லை.

அன்று சாயங்காலம், கம்பெனி திருச்சூரில் இரண்டாவது பரிசோதனை கேட்டிருப்பதாக அவரிடம் சொன்னேன். தேதி வரும்வரை விரல் அசையக் கூடாது, எவனாவது படம் பிடித்தால் எல்லாம் போய்விடும் என்றேன். "அவனுங்க சோத்துல மண்ணு விழ" என்று சொல்லிவிட்டு, அவரே கையை நீட்டினார்.

தினமும் நான்தான் கட்டினேன். இறுக்கமாக அல்ல. விரல்களை உள்ளே மடித்து, பஞ்சு வைத்து, மேலே பேண்டேஜ். வலிக்காமல் கட்ட எனக்குத் தெரியும். சோறு பிசைந்து ஊட்டினேன். சட்டைக்குப் பட்டன் போட்டுவிட்டேன். அந்த நாட்களில் பேசியதுபோல் நாங்கள் எப்போதும் பேசியதில்லை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வரும்போது மட்டும், "தேதி வந்துச்சா?" என்பார். "இல்ல இக்கா" என்பேன்.

ஷார்ஜாவிலிருந்து வந்தவர் நூற்றெண்பது நாளுக்குள் திரும்பாவிட்டால் விசா செத்துப்போகும். எங்கள் ஊரில் இது பாங்கு நேரம் மாதிரி எல்லோருக்கும் தெரியும். நூற்றெண்பத்தோராம் நாள் நெய்ச்சோறு ஆக்கினேன். அதற்கு இரண்டு நாள் கழித்து, கம்பெனி பரிசோதனையைக் கைவிட்டுவிட்டது என்று சொல்லிக் கட்டைப் பிரித்தேன்.

விரல்கள் வரவில்லை. வெந்நீரில் வைத்தும் வரவில்லை. ரீஜா அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தாள். "இத்தா, நான் சொன்னதச் செஞ்சீங்களா?" என்று கேட்டாள். எனக்குப் பதிலாக அவர்தான் சொன்னார்.

"அவளக் கேக்காத மோளே. கம்பெனி விடல."

இப்போது எல்லா நாளும் வீட்டில்தான் இருக்கிறார். கிளாஸை மணிக்கட்டால் நெஞ்சோடு அணைத்துக் குடிக்கிறார். என்னோடு அதிகம் பேசுவதில்லை. பேசுவார். எனக்கு அவசரமில்லை. கையை உடைத்தது கார்தான். நான் கட்டு மட்டும்தான் போட்டேன்.

மதரஸா உஸ்தாதைக் கொண்டு அவர் எழுதிய புகார் உங்கள் கையில் இருக்கிறது. இரண்டாவது பரிசோதனை என்று அலைக்கழித்தே கையை முடக்கிவிட்டீர்கள் என்று உங்கள் பெயரைப் போட்டிருக்கிறார். உங்கள் வேலை போய்விடும் என்கிறீர்கள். எந்தத் தேதியில், எந்தக் கடிதத்தில் கேட்டோம் என்கிறீர்கள். நியாயமான கேள்வி.

கதவுத் திரைக்குப் பின்னால் செருப்புச் சத்தம் நின்றிருக்கிறது. வெகு நேரமாகவே அங்கேதான் இருக்கிறார் போலிருக்கிறது. நல்லது, சத்தமாகவே சொல்கிறேன்.

"இக்கா, உள்ள வாங்க. இவர் மேல தப்பில்ல. ரெண்டாவது பரிசோதனைய யாரும் கேக்கல. அன்னைக்குக் குமஸ்தா போன்ல சொன்னது இதுதான். கம்பெனி ஒத்துக்கிச்சு, எல்லாம் முடிஞ்சது, இனிமே கையை நல்லா ஓட்டச் சொல்லுங்க."