சத்தமில்லாமல், சுணங்காமல்

கண்ணகை அம்மன் கருணையால் கூடியிருக்கும் சபையோரே! தலைமை ஏற்றிருக்கும், வயல்வெளிக் காரியம் பார்க்கும் வட்டை விதானையார் நல்லரத்தினம் அவர்களே! வயலை வாழவைக்கும் பெரியோரே! வாவியை வலையால் அளந்த வல்லோரே! அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் அருமைத் தாய்மாரே! அணைக்காமல் வந்திருக்கும் மச்சாள்மாரே, உங்களுக்கும் வணக்கம்! சிரிக்காதீங்க, சோறு அடிப்பிடிக்கப் போகுது!

பனிச்சங்கேணி அணைக்கட்டில் நான் வைத்த பெட்டியைக் கழற்றுவதா, விடுவதா? அதை முடிவெடுக்கவே கூடியிருக்கிறோம். கட்டு உடைந்து வாவியின் உப்புத் தண்ணீர் வாய்க்காலுக்குள் புகுந்தால், அந்தப் பெட்டி கம்பியில்லாமல் செய்தி அனுப்பும். மேசையிலுள்ள இந்த மணி அடிக்கும். வாய்க்காலின் முதல் வயல் இரத்தினம்மா அக்காவின் வயல். கதிர் வெளிவரும் பருவம். உப்பு ஏறினால் அந்த வீட்டில் உலை ஏறுமா?

சமாதானப் பேச்சு நடக்கும் காலமென்றாலும் சோதனைச் சாவடியில் கேட்டார்கள், "இது ஆரோட கதைக்கும்?" "உப்போட மட்டும்தான் ஐயா" என்றேன். விட்டுவிட்டார்கள்!

ஆனால் அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்கன்று... ஓமோம், சாமித்தம்பியண்ணன், அதுக்குத்தான் வாறன்! பெட்டியைச் சோதிக்க என் கணவர் அணைக்கட்டில் உப்புக் கரைத்து ஊற்றினார். இங்கே செய்தி வாங்கும் கருவியைக் கோயில் ஒலிபெருக்கியில் மாட்டினேன். மணி கேட்கவில்லை, "ங்ங்ங்" என்று ஓர் ஓசை எழுந்தது. அம்மன் வந்துவிட்டாள் என்று எல்லோரும் குரவை போட்டீர்கள். நானும் போட்டேன்! பிறகல்லவா தெரிந்தது, வந்தது அம்மனில்லை, என் கொன்வேட்டர் என்று!

டோர்ச் பற்றரியின் சின்ன மின்சாரத்தை உயர்த்திப் பெட்டிக்கு ஊட்டுவது அது. நறுக்கி நறுக்கி உயர்த்தும்போது இரைந்தது. அந்த இரைச்சலும் கம்பியில்லாமல் இங்கே வந்தது, அதில் செய்தி அமிழ்ந்தது. செய்தி சொல்லப் பெட்டி எழுந்ததும் ஒரு மிடறு மின்சாரம் கூடுதலாகக் கேட்டது, கொன்வேட்டர் கொடுக்கச் சுணங்கியது, சொல் பாதியில் செத்தது. பந்தியில் பரிமாறுகிறவள் கரண்டியைக் கடகடவென்று தட்டலாமா? இலை வெறுமையான பிறகு சோறு வடிக்க ஓடலாமா?

கம்பிகளைக் குறுக்கினேன். கொன்வேட்டரைப் பால்மாத் தகரத்துக்குள் மூடினேன். செய்தி அனுப்பும் கருவியின் காலடியிலேயே, மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கொள்ளளவி வைத்தேன். அது பந்திக்குப் பக்கத்தில் தயாராக இருக்கும் சோற்றுச் சட்டி. தேவை ஏறியதும் பார்த்துத் திருத்தும் மின்சுற்றையும் வேகப்படுத்தினேன். அது இலையைப் பார்க்கும் கண்.

இப்போது காது கொடுங்கள். ஏதும் கேட்கிறதா? இல்லையா? இந்த ஒன்றும் கேட்காமைக்காகவே தாய்மாரே, இத்தனை நாள் பாடுபட்டேன்! பெட்டி இருக்கட்டும், அக்காவின் வயல் பிழைக்கட்டும், அதற்காகவே உங்கள் முன்...

மணி! நான் தொடவில்லை, அம்மன்மேல் ஆணை, நான் தொடவில்லை!

என்ன கேட்கிறீங்க சாமித்தம்பியண்ணன்? "என்ன புள்ள, திரும்பவும் அம்மனா?" என்றா? இல்லையண்ணன், உப்பு!

விதானையாரே, முடிவு பிறகு, மண்வெட்டி முதலில்! அக்கா, அழாதீங்ககா, வாய்க்கால் கதவை இறக்கினால் வயல் தப்பும்! சபையோரே, நன்றியை வரம்பில் நின்று சொல்கிறேன். வணக்கம்... ஓடுங்கள், குரவை போட்டுக்கொண்டே ஓடுங்கள்!