கொப்பரைக் கொட்டடி மணி

அதையே ஏன் வே திருப்பித் திருப்பிக் கேக்கீரு? மணியோட ரெண்டு திருகையும் நான் சொன்ன மாதிரி நெருக்கி வையும். இப்படித்தான் சிவசைலமும் நின்னான்.

யாரா? ஒமக்கு முந்தி இங்கன இருந்த பிட்டரு. நல்ல வேலைக்காரன், இல்லன்னு சொல்லமாட்டேன். கொப்பரைத் தேங்கா உலத்துத இந்தக் கொட்டடிக்கு மணி மாட்டுனதே அவன்தான். உள்ள சூடு ஏறுனா தகடு வளைஞ்சு மணி அடிக்கும். கொப்பரை புரட்டுத பொம்பளையாளுவ எல்லாரும் வெளிய வந்துருவாளுவ, இவன் அடுப்பை மூடிருவான். ஆனா லேசாத் தணிஞ்சா மணி நிக்காது, பாத்துக்கிடும். மணி அடிக்க ஒரு திருகு, நிறுத்த ஒரு திருகு; சூடு நல்லாக் கீழ எறங்கணும்னு நிறுத்துத திருகை எங்கயோ தள்ளி வச்சிருந்தான். அதுவரைக்கும் அவளுவ தென்னை மூட்டுல உக்காந்து வெத்தலை போடுதாளுவ. உலகச் சண்டை நடக்குத நேரம், எண்ணெய்க்கு அம்புட்டு கிராக்கி. எனக்கு வயிறு எரியாதா?

நிறுத்துத திருகை மேல ஏத்துலே, மணி சட்டுன்னு நிக்கட்டும்னேன். மாட்டேன்னுட்டான். ரெண்டும் ஒட்டியிருந்தா மணி அடிக்கும், நிக்கும், அடிக்கும், நிக்கும், பொறவு ஒருத்தியும் மதிக்கமாட்டா மொதலாளின்னு கும்பிட்டான். அப்பம் வீட்டுக்குப் போன்னேன். அவன் தாயி படுக்கையில கெடந்தா. பகல் பூரா வாசல்ல நின்னான். சாயந்தரம் வந்து திருகிட்டான்.

அவன் சொன்னதுதான் நடந்துது. எந்நேரமும் மணி கெணுகெணுங்கும். மொதல்ல ஓடுனாளுவ. பொறவு திரும்பிப் பாத்தாளுவ. பொறவு அதுவும் இல்ல. சாரல் விழுத ஒரு மத்தியானம், இவன் சாப்பிடப் போயிருக்கான், கொப்பரை எண்ணெய் சொட்டித் தீப்புடிச்சிட்டு. மணி அடிச்சுக்கிட்டேதான் இருந்துது. ஒருத்தியும் எந்திரிக்கல. தீயைக் கண்டுதான் மத்தவளுவ ஓடுனாளுவ; புரட்டிக்கிட்டிருந்த ஆவுடைத்தாயும் அவ மகளும் வெளிய வரவேயில்ல. இவன் ஓடிவந்து எரியுத கதவைக் கையாலேயே பிடுங்கியிருக்கான். இப்பம் ஒரு வெரலும் மடங்காது.

தென்காசிக் கோர்ட்டுல யாரு திருகுனதுன்னு கேட்டாவ. நான்தான்னுட்டான். பொய் இல்லியே. திருகச் சொன்னது யாருன்னு ஒருத்தரும் கேக்கல. அவனும் சொல்லல.

நானும் யோசிச்சுப் பாத்தேன் வே. குத்தம் மணியில இல்ல. அவனுக்குன்னு உள்ள ஒருத்தியும் கெடையாது, அதான் நிம்மதியா சோறு திங்கப் போனான்.

திருகும். ஏன் வே கையை எடுக்கீரு?

ஒம்ம வீட்டுக்காரியைக் காலையிலேயே ஆள் விட்டுக் கூப்பிட்டுட்டேன். அந்தா, அடுப்பை ஒட்டுன தட்டுல புரட்டிக்கிட்டு இருக்கா. இனி நீரு இந்த எடத்தை விட்டு நகருவீராக்கும்?