இறையாட்சிக்கு நான் போட்ட பூட்டு

ஓடுகிறோம். செவ்வாய்க்கிழமை. காலை ஆறு நாற்பது. தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. என் வலது கையில் மகள் ஜெனியின் மணிக்கட்டு. அவளுக்குப் பதிமூன்று வயது. இடது கையில் சிற்றாலய மண்டபத்தின் சாவி.

பின்னால் அஞ்சலையின் குரல்.

"யோவ் வாத்தியாரே! ஆறு ஒடைஞ்சிக்கினு வருது! திரும்பிப் பாக்காத, பொண்ண இட்டுகினு ஓடு!"

எங்கள் தெரு அடையாற்றின் கரையில் இருந்தது. ஒற்றைத் தள வீடுகள். முதலில் கேட்டது ஆற்றின் இரைச்சல் இல்லை. கழிவறைக் குழாய் வழியாகத் தண்ணீர் மேலேறும் சத்தம். களக். களக். அடுத்து காஸ் சிலிண்டர்கள் மிதந்து சுவரில் மோதும் சத்தம். டங். சிறிது இடைவெளி. டங். மழை அந்த இடைவெளியை நிரப்புகிறது. என் மனைவி மயிலாப்பூரில் தன் அக்கா வீட்டில் இருந்தாள். நல்லவேளை என்று நினைத்தபடியே ஓடினேன்.

தெருவில் மாடி உள்ள கட்டடம் ஒன்றுதான். சிற்றாலயம். கீழே பீடம், மேலே மண்டபம். வெளிப்புறமாகப் படிக்கட்டு. பதினெட்டுப் படிகள். ஒன்பதாம் படியில் ஒரு திருப்பம், அங்கே இரும்பு கேட். சாவி என்னிடம் இருந்ததற்குக் காரணம் உண்டு. தி.நகரில் ஒரு பள்ளியில் நான் கணக்கு ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே குழந்தைகளுக்கு மறைக்கல்வி, அதாவது பைபிள் பாட வகுப்பு எடுப்பேன். வகுப்பு அந்த மண்டபத்தில்தான் நடக்கும்.

ஆறு ஐம்பதுக்கு கேட்டைத் திறந்தேன். தெருவே படியேறி மண்டபத்துக்கு வந்தது.

ஏழு ஐந்து. அஞ்சலை முதல் தடவை வருகிறாள். இடுப்பளவுத் தண்ணீர். மீனுக்கு ஐஸ் போட்டு வைக்கும் பெரிய நீல பிளாஸ்டிக் டப்பைத் தள்ளிக்கொண்டு வருகிறாள். டப்புக்குள் மூன்று குழந்தைகள். ஒன்றும் அவளுடையது இல்லை. ஆற்றை ஒட்டிய கடைசி வீடுகளின் குழந்தைகள். அவர்களைப் பெற்றவர்கள் பாட்டி தாத்தாக்களை முதுகில் சுமந்து பின்னால் வருகிறார்கள்.

அஞ்சலை எங்கள் தெருவில் மீன் விற்பவள். எங்கள் சபை இல்லை. தனியாக இரண்டு பெண்களை வளர்த்தாள். சிற்றாலய வாசலில் கூடையை இறக்கிவைத்து என்னைச் சீண்டுவாள். "உங்க சாமி கூட சுத்துனவங்க மீன்காரங்கதானே வாத்தியாரே? அப்புறம் இன்னாத்துக்கு என்னைப் பாத்து மூக்கப் புடிக்கிற?" நான் சிரிப்பேன். மூக்கையும் பிடித்திருக்கிறேன்.

ஏழு பதினெட்டு. இரண்டாம் தடவை. மூன்று குழந்தைகள்.

ஏழு முப்பத்தைந்து. மூன்றாம் தடவை. இரண்டு. தண்ணீர் அவள் மார்பைத் தொடுகிறது. அவளுக்கு மூச்சு வாங்குகிறது.

"எட்டு உருப்படி. எண்ணி எடுத்துக்கோ வாத்தியாரே. நாறுதுன்னு திருப்பிக் குடுத்துராத."

அந்த நேரத்திலும் அவளால் அப்படிப் பேச முடிந்தது. அவளுடைய பெண்கள் எங்கே என்று கேட்டேன்.

"பரண் மேல ஒக்காந்துகினு கீதுங்க. நம்ம வூடு மேட்டுல கீது, தாங்கும். இதோ இட்டாறேன்."

ஆகவே எனக்குத் தெரியும். அவள் திரும்பி வருவாள் என்று எனக்குத் தெரியும். இதைப் படிப்பவர்கள் அந்த ஒரு வரியைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

ஏழு நாற்பத்தைந்து. மண்டபத்தில் ஐம்பத்தெட்டுப் பேர். சூசை அண்ணன் கத்துகிறார். அவர் ஓய்வுபெற்ற கட்டட மேஸ்திரி. தெருவில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

"வெடிப்பு! தரையில வெடிப்பு! இன்னும் நாலு பேர் ஏறுனா மொத்தமா கீழ போயிடுவோம்! கேட்டைப் பூட்டுங்க சார்!"

பார்த்தேன். சுவரோரம் விரல் நீளத்துக்கு ஒரு கோடு. அதில் எறும்பு போய்க்கொண்டிருந்தது. ஜெனி அந்தக் கோட்டின் மேல் நின்றிருந்தாள். நான் பயந்தேன். என் பயத்துக்கு வேறு பெயர் கிடையாது. என் மகள் நிற்கும் தரை. அவ்வளவுதான் யோசித்தேன்.

ஏழு ஐம்பதுக்குப் பூட்டினேன்.

இந்த இடத்தில் நாடகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது.

அந்த மாதம் எங்கள் ஆலயத்தின் பங்கு விழாவுக்காக என் வகுப்புக் குழந்தைகளுக்கு ஒரு நாடகம் பழக்கிக்கொண்டிருந்தேன். இறையாட்சி, அதாவது கடவுளின் அரசு என்றால் என்ன என்று காட்டும் நாடகம். இயேசு சொன்ன கதை. மணமகனுக்காகக் காத்திருக்கும் பத்துப் பெண்கள். ஐந்து பேரிடம் விளக்குக்கு எண்ணெய் இருக்கிறது. ஐந்து பேர் எண்ணெய் வாங்கப் போய்த் தாமதமாகத் திரும்புகிறார்கள். கதவு அடைபட்டிருக்கிறது. மேடைக்கு நல்ல கதை. இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து, நடுவில் ஒரு கதவு. கதையில் இல்லாத ஒரு வாயிற்காவல் பெண்ணை நானே சேர்த்தேன். அது ஜெனி. வெளியே தட்டுவார்கள். ஜெனி திரையைப் பார்த்து, "ஐயா, திறக்கட்டுமா?" என்று கேட்க வேண்டும். திரைக்குப் பின்னால் மணமகனின் குரல். அது நான். "திறக்காதே" என்பேன். ஜெனி தலை குனிந்து சாவியை மடியில் செருகிக்கொள்வாள்.

மூன்று வாரம் பழகினோம். ஒரு நாள் வெளியே நின்ற குட்டிப் பெண் ஒருத்தி நிஜமாகவே அழுதுவிட்டாள். ஜெனி கதவைத் திறந்துவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. "நீ திறந்துட்டா கதையே இல்லடி" என்று அத்தனை பேர் முன்னால் திட்டினேன். அதற்குப் பிறகு அவள் ஒருமுறைகூடத் தவறு செய்யவில்லை.

ஏழு ஐம்பத்தைந்து. மொட்டைமாடிக்குப் போய்த் துணி வீசி உதவி கேட்கலாம் என்கிறார் சூசை அண்ணன். கேட்டுக்கு ஆள் வேண்டும். ஜெனியைப் படியில் நிறுத்துகிறேன். சாவியை அவள் கையில் வைக்கிறேன்.

"யார் வந்தாலும் திறக்கக் கூடாது."

"அஞ்சலை அக்கா வந்தா?"

"யார் வந்தாலும்னு சொன்னேன்ல."

எட்டு பன்னிரண்டு. தண்ணீர் பதின்மூன்றாம் படியில். மண்டபத்தில் ஜெபமாலை. ஐம்பது குரல்கள் சேர்ந்து உரக்கச் சொல்கின்றன. மழை. அதனால் உள்ளே யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. மொட்டைமாடியில் நின்ற எனக்குப் படி வழியாகக் கேட்டது. என் பக்கத்தில் நின்ற சூசை அண்ணனுக்கும் கேட்டது.

"அப்பா! அஞ்சலை அக்கா! தண்ணில நிக்கிறாங்க! திறக்கட்டுமா?"

நான் எட்டிப் பார்க்கவில்லை. அவள் பின்னால் பக்கத்துத் தெரு முழுவதும் வருகிறது என்று நினைத்தேன். நாற்பது பேர், ஐம்பது பேர். தரை பிளப்பது போலக் கண்ணில் தெரிந்தது. அடித்தொண்டையிலிருந்து கத்தினேன்.

"திறக்காதே!"

அதே சொல். அதே குரல். மூன்று வாரம் நான் பழக்கிய குழந்தை கீழ்ப்படிந்தாள்.

பிறகு ஒரு சத்தம். மரம் முறிவது போல. உண்மையிலேயே மரம்தான். வேரோடு வந்த ஒரு முருங்கை, படிக்கட்டின் கைப்பிடிக் குழாயில் மோதியது. குழாய் பிடுங்கிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு ஜெனியின் அலறல். அதில் சொல் எதுவும் இல்லை.

இறங்கி ஓடினேன். எட்டு பதினைந்து. ஜெனி பதினான்காம் படியில் நிற்கிறாள். சாவி அவள் மடியில் செருகியிருக்கிறது. கேட்டுக்கு வெளியே ஒரு குழந்தை. அஞ்சலையின் பெரிய பெண் காவேரி. ஒன்பது வயது. இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்திருக்கிறாள். கழுத்தளவுத் தண்ணீர். அஞ்சலை இல்லை. டப் இல்லை. டப்பில் இருந்த மூன்று வயதுச் சின்னு இல்லை.

வெளியே கூட்டம் இல்லை. பின்னால் யாரும் வரவில்லை. வந்தது மூன்றே பேர்.

சாவியை வாங்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். பூட்டைத் திறக்க எனக்கு ஆறேழு நொடி ஆனது. காவேரியின் விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அதற்குத்தான் அதிக நேரம் ஆனது.

மதியம் படகு வந்தது. மாலைக்குள் எல்லாரும் கரையேறிவிட்டோம். அதிகாரிகள் விசாரித்தார்கள். கேட் ஏன் பூட்டியிருந்தது? சாவி யாரிடம் இருந்தது? எல்லாரும் ஜெனியைப் பார்த்தார்கள். நான் சொன்னேன்: "சின்னப் பொண்ணு சார். பயந்துட்டா."

நான்கு சொற்கள். சூசை அண்ணன் என்னைப் பார்த்தார். தலை குனிந்துகொண்டார். போன வருடம் இறந்துபோனார். அவரும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து தெருவில் அவள் கேட்டைத் திறக்காத பொண்ணு. யாரும் கடுமையாகப் பேசவில்லை. "பாவம், குழந்தை, அதுக்கு இன்னா தெரியும்" என்றார்கள். அந்த இரக்கம் அவளைத் தின்றது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. ஒரு நாள்கூட, சண்டையில்கூட. அவளுக்கு இப்போது இருபத்து மூன்று. வேளச்சேரியில் வேலை. பூட்டிய வீட்டில் அவளால் தூங்க முடியாது. கூடத் தங்கும் பெண்கள் பயப்படுகிறார்கள். மூன்று வீடு மாறிவிட்டாள். மழை பெய்தால் போன் செய்கிறேன். பத்திரம் என்று சொல்ல வாய் வருவதில்லை. சாப்பிட்டியா என்று கேட்டு வைத்துவிடுகிறேன்.

மாதம் ஒன்று கழித்து ஒரு பொறியாளர் வந்து மண்டபத்தைப் பார்த்தார். அந்தக் கோட்டை நகத்தால் சுரண்டினார். "இது பூச்சு வெடிப்பு சார். தளத்துக்கு ஒண்ணுமில்ல. இருநூறு பேர் தாராளமா உக்காரலாம்" என்றார். இப்போதும் அங்கே கல்யாணம் நடக்கிறது. பந்தி நடக்கிறது.

நான் வகுப்பு எடுப்பதில்லை. ஆனால் பத்து வருடமாக அதே பாடத்தைத்தான் படிக்கிறேன். இறையாட்சி என்பது ஓர் இடம் என்று சொல்லிக்கொடுத்தேன். இடம் என்றால் சுவர் வரும். சுவர் வந்தால் கதவு. கதவுக்குப் பூட்டு. பூட்டுக்குச் சாவி, அதை வைத்திருக்க என்னைப் போல ஒருவன். இயேசு அடைபட்ட கதவைப் பற்றி ஒரு கதை சொன்னார், உண்மைதான். அது கதவுக்கு உள்ளே இருக்கிறேன் என்று நிச்சயமாக நம்புகிறவர்களை எழுப்பச் சொன்ன கதை. நான் அதை உள்ளே இருப்பவர்களைத் தூங்கவைக்கப் பயன்படுத்தினேன். மற்ற கதைகளை நாடகம் போடவில்லை. அவற்றில் யாராவது ஒருவர் எப்போதும் வெளியே போகிறார். தொலைந்த ஆட்டைத் தேடி ஒருவர். ஓடிப்போன மகன் தூரத்தில் வருவதைக் கண்டு ஒரு தகப்பன். விருந்துக்கு ஆள் கூட்டி வரத் தெருத் தெருவாக ஒரு வேலைக்காரன். அவர்கள் செய்ததுதான் இறையாட்சி. அந்தக் காலையில் எங்கள் தெருவில் அது மூன்று தடவை மீன் டப்பைத் தள்ளிக்கொண்டு வந்தது. நான்காம் தடவை நான் பூட்டியிருந்தேன்.

போன வாரம் இதை எழுதி ஜெனிக்கு அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் போன் செய்தாள். குரலில் கோபம் இல்லை.

"எல்லாம் சரிப்பா. ஒண்ணு மட்டும் விட்டுட்டீங்க. உங்களுக்குத் தெரியாது."

நான் "திறக்காதே" என்று கத்தியது வெளியிலும் கேட்டிருக்கிறது. அஞ்சலை மேலே பார்த்தாளாம். காவேரியின் கைகளைக் கம்பியில் வைத்து அழுத்தினாளாம். மரம் மோதியது. டப் நழுவியது. அதைப் பிடிக்க அவள் கம்பியை விடும் முன் ஜெனியைப் பார்த்துக் கத்தியிருக்கிறாள்.

"பாப்பா, மேல ஏறு! தண்ணி வருது, மேல ஏறு!"

அவ்வளவுதான் சொன்னாள் என்றாள் ஜெனி. போனை வைத்துவிட்டாள்.

கணக்கு இது.

அஞ்சலை. வயது முப்பத்து நான்கு. மூன்றாம் நாள் பாலத்துக்குக் கீழே கிடைத்தாள். சின்னு. வயது மூன்று. கிடைக்கவில்லை. காவேரி பிழைத்தாள். பாலவாக்கத்தில் அத்தை வீட்டில் வளர்ந்தாள். என்னிடம் பேசியதில்லை. தெருவில் முப்பத்தொரு வீடுகள். ஒன்றும் இப்போது இல்லை. அவள் கொண்டுவந்த எட்டுக் குழந்தைகளும் இருக்கிறார்கள். இருவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மண்டபத்தில் ஐம்பத்தெட்டுப் பேர் இருந்தோம். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.