நாக்கை நீட்டியதும் வந்த சாமி

"நாக்கை நீட்டினதுதான் அக்கா, எங்கத்தை கற்பூரத்தைக் கொளுத்திட்டாங்க."

ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை. கடத்தூரிலிருந்து தருமபுரி போகிற பஸ்ஸில், பின் சீட்டுப் பேச்சு தானாகக் காதில் விழுந்தது. அந்த அத்தை என் பக்கத்தில்தான் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். கழுத்தில் கொஞ்சம் வீக்கம்.

"எதுக்குப் புள்ள நாக்கை நீட்டின?" என்றாள் கூட வந்தவள்.

"தைராய்டுக்கு மாத்திரையோட யோகாவும் பண்றனே. சிம்மாசனம்னு ஒண்ணு. பாயை விரிச்சு உக்காந்து, கண்ணை உருட்டி, நாக்கை நீட்டி, சிங்கமாட்டம் கத்தணும். ஆத்தா வந்துட்டான்னு இவங்க வுழுந்து கும்புட்டு, 'என் கழுத்து வீக்கம் எப்ப வத்தும் தாயே'ன்னு குறி கேக்கறாங்க."

"நீ என்ன சொன்ன?"

"ஆறு மாசமா கூப்புடறேன், ரத்த டெஸ்ட்டுக்கு வரமாட்டேன்னு ஒரே அடம். வுடுவனா? 'மருமவகூட தருமபுரி போயி ரத்தம் குடுத்துப் பாரு'ன்னு உறுமிட்டேன். இன்னிக்கு வெறும் வயித்தோட கெளம்பிட்டாங்க."

இருவரும் சிரித்தார்கள். என் பக்கத்திலிருந்தவர் கண்ணைத் திறக்கவில்லை.

"சாமி வந்தவ, கற்பூரம் அமந்ததும் பாயைச் சுருட்டி வெப்பாளாடி? அன்னிக்கே எனக்குத் தெரியும்," என்றார். "ஊசி குத்தறப்ப மட்டும் கையைப் புடிச்சுக்க."